வார்ஃபரின், டிஜாக்சின் எடுப்பவருக்கு சித்த மருந்தும்: இரண்டு மருத்துவர்களும் என்ன பரிமாறிக்கொள்ள வேண்டும்?

தாழை:
இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கு வார்ஃபரினும் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) டிஜாக்சினும் (துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து) எடுக்கும் ஒருவர், மூட்டு வலிக்கு சித்த மருத்துவரிடம் சூரணமும் வாங்குகிறார். இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து பார்க்கத் தயார். ஆனால் எந்தத் தகவலை, எந்த வடிவில் கொடுத்துக்கொள்வது? "ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்கிறார்கள். போதுமா?

வேர்க்கொடி:
போதாது. குடலிலேயே ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் பொருள்களுக்குத்தான் இடைவெளி உதவும். தைராய்டு மருந்தான தைராக்சினும் இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான், நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுப்பார்கள். கல்லீரல் நொதியிலோ ரத்த உறைவிலோ மோதும் மருந்துகளுக்குக் கடிகாரம் பார்த்துப் பயனில்லை.

இதய மருத்துவர் தரும் கடிதத்தில் நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் மில்லிகிராம், வேளை, கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை), பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) ஆகியவை தேதியோடு இருக்கட்டும். எதிர்பார்க்கும் ஐ.என்.ஆர். எல்லையும் வேண்டும், பெரும்பாலும் 2 முதல் 3.

சித்த மருத்துவர் "சூரணம், இரண்டு வேளை" என்று மட்டும் எழுதினால் எதுவும் தெரியாது. சேர்ந்திருக்கும் சரக்குகள், அனுபானம் (தேன், பால் போல மருந்தோடு கலந்து கொடுப்பது), தொடங்கும் நாள், எத்தனை நாள் என்ற கணக்கு எல்லாம் வேண்டும். "திரிகடிப் பிரமாணம்" அவருக்குப் பழக்கமான அளவு. மூன்று விரல் கூட்டி எடுப்பது ஆளுக்கு ஆள் மாறும், எனவே கிராமில் எழுதட்டும். உலோகம், தாதுப் பொருள்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

மருந்துச்சீட்டு:
இந்த நோயாளிக்கு நான் முதலில் தேடுவது அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால், ரத்தத்தில் அளவு கூடாமலே டிஜாக்சின் விஷமாகும். சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

டிஜாக்சின் விஷமாவதன் முதல் அறிகுறி குமட்டலும் பசியின்மையும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சித்த மருத்துவர் அதைப் பித்தம் என்றோ மந்தம் என்றோ படித்து இன்னொரு சூரணம் சேர்ப்பார். இதய மருத்துவர் "நாட்டு மருந்து ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார். இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி, நடுவில் நாடி இறங்கிக்கொண்டிருக்கும். புதிதாகக் குமட்டல் வந்தால் யாரும் மருந்து சேர்க்கக் கூடாது. அன்றே ஈசிஜி, பொட்டாசியம், டிஜாக்சின் அளவு பார்க்க வேண்டும்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகையும் கவனியுங்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பெரின், மருந்தைச் சிதைக்கும் நொதிகளை மந்தப்படுத்தும். ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவு ரத்தத்தில் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தாழை:
நன்றி. ஐ.என்.ஆர். எப்போது பார்ப்பது? சூரணத்தை நிறுத்தும்போதும் பார்க்கணுமா?

வேர்க்கொடி:
நிறுத்தும்போது கண்டிப்பாக. ஆரம்பிக்கும்போது எல்லோரும் உஷார், நிறுத்தும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். மூலிகையோடு பழகிய அளவுக்கு வார்ஃபரினைச் சரிசெய்திருப்பார்கள். மூலிகை போனதும் அந்த அளவு பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்று, தொடங்கி ஒரு வாரத்துக்குள் ஒன்று, பிறகு நிலைப்படும் வரை வாரம் ஒன்று. நிறுத்தினாலும் அதே வரிசை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டு மருத்துவர்களும் ஒரே வாரத்தில் ஆளுக்கொன்று மாற்றினால் ஐ.என்.ஆர். எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. "எப்படியும் ஏறும்" என்று ஊகித்து வார்ஃபரினை முன்கூட்டியே குறைப்பதும் தவறு, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். வார்ஃபரின் அளவை மாற்றும் அதிகாரம் இதய மருத்துவர் ஒருவருக்கே என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மருந்துச்சீட்டு:
அறுவை சிகிச்சைத் தேதி குறித்தால் மூலிகைப் பட்டியல் மயக்க மருத்துவருக்கும் போக வேண்டும். பொதுவாக இரண்டு வாரம் முன்பே மூலிகைகளை நிறுத்தச் சொல்வார்கள், அப்போதும் ஐ.என்.ஆர். உண்டு. கறுப்பாக மலம் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ இரண்டு பேரையும் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவு. அந்தக் கடிதங்கள் இரண்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.