21 விட்டம், 3 தடிமன்: வட்டச் சுவருக்குள்ள வர்ற ஓட்டையை அடைக்கணுமா, விடலாமா?

கோட்டைக்காரன்:
மைன்க்ராஃப்ட் (பிளாக் அடுக்கிக் கட்டற கம்ப்யூட்டர் கேம்) ஜாவா எடிஷன், சர்வைவல் (பிளாக்கை நாமளே தேடி எடுக்கற முறை). வட்டக் கோபுரம்: வெளி விட்டம் 21, சுவர் தடிமன் 3, உயரம் 10. 21, 19, 17 விட்டத்துல மூணு வட்டத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டா சுவர் நிறையணும். ஆனா மேல இருந்து பார்த்தா நடுவுல ஒத்தை ஒத்தைக் கட்டமா காலி, அடுக்குக்கு 16. உள்ள இருந்தும் வெளிய இருந்தும் தெரியல. எங்க தப்பு? அடைச்சே ஆகணுமா?

வட்டக்கணக்கு:
மூணு வட்டமும் தனித்தனியா சரிதான். ஒரு பிளாக் தடிமன் வட்டங்களை நெருக்கி வச்சா சுவர் ஆயிடும்ங்கிற நினைப்புதான் தப்பு. மெல்லிய வட்டம் மூலைக்கு மூலை தொட்டுக்கிட்டுத்தான் வளையும். வடக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு கிழக்குப் பக்கம் வரைக்கும் எண்ணுங்க:

21 வட்டம்: 7, 2, 1, 1, 1, 2, 7
19 வட்டம்: 7, 2, 1, 1, 2, 7
17 வட்டம்: 5, 2, அப்புறம் "ட" மாதிரி மூணு பிளாக் மூலை, 2, 5

21ம் 19ம் கிழக்கே 4வது கட்டத்துலதான் முதல்ல இறங்குது. அதனால அது ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டைகூட கிடையாது. 17 மட்டும் ஒரு கட்டம் முன்னாடியே இறங்கிடுது. நடுவுல இருந்து கிழக்கே 3ல பாருங்க: 19 வட்டம் வடக்கே 9ல நிக்குது, 17 வட்டம் 7க்கு வந்தாச்சு. 8 எந்த வட்டத்துலயும் சேரல. கிழக்கே 5, வடக்கே 7லயும் இதே கதை. திசையை மாத்தினா 7-5, 8-3 (முதல் எண் கிழக்கே, ரெண்டாவது வடக்கே). கால் வட்டத்துக்கு 4, முழுசுக்கு 16.

இந்தக் கட்டங்கள் சுவரைச் சேர்ந்ததுதானான்னு பார்க்க ஒரே சோதனை போதும். கிழக்குத் தூரத்தோட வர்க்கம், வடக்குத் தூரத்தோட வர்க்கம், ரெண்டையும் கூட்டுங்க. அது வெளி ஆரத்தோட வர்க்கத்தைவிட (10.5, அதாவது 110.25) குறைவாவும், உள் ஆரத்தோட வர்க்கத்தைவிட (7.5, அதாவது 56.25) அதிகமாவும் இருந்தா அது சுவர். 3-8க்கு 73, 5-7க்கு 74. ரெண்டுமே சுவர்தான். அதனால அடைக்கணும்.

செய்யறது சுலபம். 19ஐ எண்ணிப் போடவே வேணாம். 21ஐயும் 17ஐயும் மட்டும் தரையில போட்டுட்டு, நடுவுல காலியா தெரியற எல்லாத்தையும் நிரப்புங்க. வெளி வளையம் 56, உள் வளையம் 48, நடுவுல 68, மொத்தம் 172. முதல் அடுக்குல 172 வரலேன்னா மேல ஏறாதீங்க. அங்க விட்ட பிழை பத்து அடுக்குக்கும் கூடவே வரும்.

ஷல்கர்27:
கணக்கு சரி, முடிவு எனக்கு ஒப்பல. கண்ணுக்கே தெரியாத இடத்துல எதுக்குங்க கல்லைக் கொட்டணும்? மேல் அடுக்குல மட்டும் 16 பிளாக் வச்சு மூடிட்டா கீழ 9 அடுக்குல 144 பிளாக் மிச்சம். கப்பிள்ஸ்டோனை உருக்கித்தான் கல் எடுக்கறோம்னா அது 18 கரி, ஒரு உலைக்கு 24 நிமிஷம். ஒரு கோபுரத்துக்கே இவ்வளவு. நாலு மூலையிலயும் கோபுரம் வச்ச கோட்டைன்னா நாலு மடங்கு.

வட்டக்கணக்கு:
கண்ணுக்குத் தெரியாதுங்கிறதாலதான் ஆபத்து, நண்பரே. அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் ஒண்ணுக்கு ஒண்ணு அகலம், 9 உயரம், முழு இருட்டு. கேமோட 1.18 பதிப்புக்கு அப்புறம் வெளிச்சம் 0 இருந்தாத்தான் ஜாம்பி பிறக்கும். இங்க சரியா 0தான். ஒரு கட்ட அகலமும் ரெண்டு கட்ட உயரமும் அதுக்குப் போதும். நீங்க 24 பிளாக்குக்குள்ள இருக்கற வரைக்கும் பிறக்காது, தள்ளிப் போனதும் பிறக்கும். திரும்பி வந்தா சுவருக்குள்ள இருந்து உறுமல் கேக்கும், எங்கேன்னு தேட முடியாது. தனி ஆள் உலகத்துல மொத்தம் 70 எதிரிகளுக்குத்தான் இடம். சுவருக்குள்ள அடைபட்டதும் அந்தக் கணக்குலதான் சேரும், பக்கத்துல மாப் ஃபார்ம் (எதிரிகளைப் பிறக்க வச்சுக் கொன்னு பொருள் எடுக்கற அமைப்பு) இருந்தா விளைச்சல் குறையும்.

கட்டிக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு. மேல் அடுக்கு மூடறதுக்கு முன்னாடி சுவர் மேல நடந்தா, ஒரு கட்ட ஓட்டைக்குள்ள ஆள் நேரா இறங்கிடுவார். 9 கட்டம் விழுந்தா 3 இதயம் போகும், ஏறவும் வழி இல்லாம சுவரை உடைச்சுத்தான் வெளிய வரணும்.

தூக்கிட்டுப் போற சிரமமும் இல்ல. முழு சுவர் 1720 பிளாக், ஒரு ஷல்கர் பெட்டியில (பொருளோட அப்படியே தூக்கிட்டுப் போற பெட்டி) 27 ஸ்டாக், ஸ்டாக்குக்கு 64, அதாவது 1728. ஒரே பெட்டியில அடங்கும், 8 இடம் மீதி.

ஷல்கர்27:
ஜாம்பி விஷயம் சரி, அதை நான் யோசிக்கல. ஆனா அதுக்கு 144 பிளாக் தேவையில்ல. ஒவ்வொரு ஓட்டையோட அடியிலயும் ஒரு ஸ்லாப் (அரை உயர பிளாக்), கீழ்ப் பாதியில. பாதி ஸ்லாப் மேல எதுவும் பிறக்காது. 16 ஸ்லாப்புக்கு 9 கல் போதும், 18 கிடைக்கும். முதல் அடுக்கு போடும்போதே வச்சுட்டா வேலை முடிஞ்சது.

வட்டக்கணக்கு:
பிறக்கறதை அது தடுக்கும், ஒத்துக்கறேன். வாசலும் ஜன்னலும் வெட்டும்போது? வாசல் அகலம் 3க்குள்ள, சரியா வடக்குலயோ கிழக்குலயோ வந்தா தப்பிச்சீங்க. 5 அகல வாசல் வெட்டினா ரெண்டு ஓரத்துலயும் 3-8 ஓட்டை வாயைத் திறந்து நிக்கும். அம்பு எய்யற துளையை மூலைத் திசையில வைக்கணும்னா 5-7 ஓட்டையைத் தவிர்க்கவே முடியாது. முழு சுவர்ல எங்க வேணும்னாலும் கை வைக்கலாம். கோட்டைக்குத் தடிச்ச சுவர் கேக்கறதே அதுக்குத்தானே.

படிக்கட்டு:
ரெண்டு பேரும் அந்த 16 கட்டத்தை நிரப்பறதா விடறதான்னே பேசறீங்க. 3 தடிமன் சுவரோட பெரிய லாபம் உள்ளுக்குள்ள ஒரு நடைபாதை. அதுக்கு வேண்டிய இடமே இந்த 16தான்.

பலர் செய்யற தப்பு, 19 வட்டத்தை மட்டும் காலி பண்ணிட்டு பாதைன்னு நினைக்கறது. நடக்க முடியாது. 3-9ல இருந்து 4-8க்கு மூலை வழியாத்தான் போகணும், ஆள் அகலம் 0.6 பிளாக், மூலையில நுழைய இடமே கிடையாது. 3-8ஐத் திறந்து விட்டா 3-9, 3-8, 4-8னு பக்கத்துக்குப் பக்கம் வழி வரும். 5-7ம் அப்படித்தான். மீதி இருக்கற ஒரே தடை நட்ட நடு மூலை: 6-7க்கும் 7-6க்கும் நடுவுல. அங்க 17 வட்டத்தோட 6-6 பிளாக்கை எடுத்துடுங்க, நாலு மூலையிலயும். 5-6ம் 6-5ம் அறையை இன்னும் மூடியே வச்சிருக்கும்.

52, 16, 4, கூட்டினா 72 கட்டம், எங்கயும் முட்டாம கோபுரத்தைச் சுத்தி வர்ற ஒரே பாதை. வெளித் தோல் 56, உள் தோல் 44. கீழ 2 அடுக்குல மட்டும் இதைத் திறந்து, 3வது அடுக்குல இருந்து முழு சுவரா எழுப்பினா 144 பிளாக் மிச்சம். ஷல்கர்27 ஓட்டையை விட்டு மிச்சம் பிடிச்ச அதே 144. கூடவே நடக்க ஒரு பாதையும் கிடைக்குது.

ஷல்கர்27:
இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா 72 கட்டம் இருட்டுப் பாதை, 16 ஓட்டையைவிட மோசமாச்சே. எத்தனை டார்ச்?

படிக்கட்டு:
மூணு. டார்ச் வெளிச்சம் 14, ஒரு கட்டத்துக்கு ஒண்ணு குறையும். பாதை ஒரே கோடுங்கிறதால 24 கட்டத்துக்கு ஒண்ணு வச்சா, ரெண்டு டார்ச்சுக்கு நட்ட நடுவுலயும் வெளிச்சம் 2 இருக்கும். 1.18க்கு முந்தின பதிப்புல 8 வேணும், அங்க 12 கட்டத்துக்கு ஒண்ணா ஆறு.

இதே பாதையில படி ஏத்தணும்னா ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஒவ்வொரு படிக்கு மேலயும் 3 கட்டம் காலியா விடுங்க. 2 விட்டா அடுத்த படியில கால் வைக்கும்போது தலை இடிக்கும். ரெண்டு, மூலைப் பகுதியில ஸ்டேர் பிளாக் (படி வடிவ பிளாக்) வேணாம். பாதை கட்டத்துக்குக் கட்டம் திரும்பறதால அது தானா மூலை வடிவத்துக்கு மாறி வழியைக் கெடுக்கும். ஸ்டேரை 7 நீள நேர்ப்பகுதியில மட்டும் வைங்க. வளைவுல கீழ் ஸ்லாப், மேல் ஸ்லாப்னு மாத்தி மாத்தி அரை அரைக் கட்டமா ஏத்துங்க.

வட்டக்கணக்கு:
நடைபாதைக்கு நான் எதிர்ப்பு இல்ல. அதுல ஒவ்வொரு கட்டமும் எதுக்கு காலின்னு தெரிஞ்சு விடறோம். மூணு வட்டம் போட்டு தானா வந்த ஓட்டையை அப்படியே விடறதுக்குத்தான் எதிர்ப்பு. 3வது அடுக்குக்கு மேல முழுசா 172 போடுங்க, அதுல சமாதானம் கிடையாது.

கிரியேட்டிவ்ல (பிளாக் அளவில்லாம கிடைக்கற முறை) கட்டறவங்களுக்கு: ஓட்டைப் பிரச்சினையே வராத வழி ஃபில் கட்டளை, ஒரு செவ்வகப் பகுதியை ஒரேயடியா நிரப்பும். ஒரே மையம் வச்சு ஏழு செவ்வகம், கல்லால: 7க்கு 21, 11க்கு 19, 13க்கு 17, 15க்கு 15, 17க்கு 13, 19க்கு 11, 21க்கு 7. அப்புறம் காற்றால அஞ்சு: 5க்கு 15, 9க்கு 13, 11க்கு 11, 13க்கு 9, 15க்கு 5. எல்லாத்துக்கும் உயரம் 10. வேர்ல்ட் எடிட் (கேமுக்குக் கூடுதலா போடற கட்டுமானக் கருவி) இருந்தா சிலிண்டர் கட்டளை ரெண்டு தடவை: கல் ஆரம் 10, காற்று ஆரம் 7. நடுக் கட்டம் அந்த எண்ணுல சேராது, அதனால விட்டம் 21ம் 15ம் வரும். காற்று நிரப்பற கட்டளை உள்ள இருக்கற பொருள் எல்லாத்தையும் அழிச்சுடும், அறையை அலங்கரிக்கறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க.

கோட்டைக்காரன்:
கீழ 2 அடுக்கு நடைபாதை, மேல முழு சுவர். அப்படின்னா 1576, 24 ஸ்டாக்கும் 40ம். ஒரே சந்தேகம்: வாசல்ல இரட்டைக் கதவு வேணும், ஆனா விட்டம் 21க்கு நடுவுல ஒரே கட்டம்தானே வருது. உள் விட்டத்தை மட்டும் 16 ஆக்கினா?

வட்டக்கணக்கு:
வேண்டவே வேணாம். 21ல 16 போனா 5, ரெண்டால வகுபடாது. ஒரு பக்கம் சுவர் 2, எதிர்ப்பக்கம் 3னு கோணிப் போகும். வெளியும் உள்ளும் ரெண்டுமே ஒற்றை, இல்ல ரெண்டுமே இரட்டை. இரட்டைக் கதவுன்னா 22ம் 16ம் எடுங்க. அப்போ மையம் நாலு பிளாக் சேர்ற மூலையில விழும், தூரத்தை 0.5, 1.5, 2.5னு எண்ணணும். எல்லை 11 வர்க்கம் 121, 8 வர்க்கம் 64. மேல சொன்ன எண் எதுவும் அதுக்குப் பொருந்தாது. ஓட்டை விழற இடமும், நடைபாதைக் கட்டமும் புதுசா எண்ணித்தான் எடுக்கணும்.

படிக்கட்டு:
21லயே இருந்துக்கிட்டு வாசலை 3 அகலமா வைங்க: நடுவுல ஒரு கதவு, ரெண்டு பக்கமும் சட்டம். நடைபாதை வாசலுக்குக் குறுக்கால போகும். அங்க அந்த 3 கட்டம் மட்டும் பாதை திறந்தவெளி ஆயிடும், அதனால வாசலோட ரெண்டு பக்கச் சுவர்லயும் பாதைக்கு ஒரு கதவு போட்டுடுங்க.