தாத்தா கொண்டுவந்த ஈரான் கம்பளம்: நீலம் வெளுத்துவிட்டதா?

கும்பகோணத்துப் பேத்தி:
எங்கள் தாத்தா ஈரானில் அபதான் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதியவர். 1949-ல் ஊர் திரும்பும்போது ஒரு கம்பளம் கொண்டுவந்தார். ஆறடிக்கு நாலடி, கருஞ்சிவப்புத் தரை, நடுவில் பெரிய தாமரைக் கோலம் மாதிரி ஒரு வட்டம். பாட்டி அதை வருஷத்தில் ஒன்பது நாள், கொலுவுக்கு முன்னால் மட்டும் விரிப்பார். மற்ற நாளெல்லாம் டிரங்குப் பெட்டியில்தான். பாட்டி போன பிறகு இப்போது எடுத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் சாண் அகலத்துக்கு நீலம் வெளிறியிருக்கிறது, கோடு கிழித்தாற்போல. பழைய சாமான் வாங்குபவர் "வெயிலில் போனது, மூவாயிரம் தருகிறேன்" என்கிறார். கையால் நெய்ததுதானா என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூத்தாநல்லூரான்:
தங்கச்சி, கொடுத்துடாதீங்க. குவைத்தில் ஒரு ஈரான்காரர் கம்பளக் கடையில் 19 வருஷம் இருந்தவன் சொல்றேன். பெட்டிக்குள்ளேயே கிடந்ததை எந்த வெயில் வெளுக்கும்? திருப்பிப் போட்டுப் பாருங்க. வெயில் பட்டால் மேல்மயிர்தான் வெளுக்கும், அடியில் முடிச்சு பழைய நிறத்திலேயே இருக்கும். பின்பக்கமும் அதே கோட்டில் மாறியிருந்தால் அதுக்குப் பேர் 'அப்ரஷ்'.

கம்பளி நூலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாயம் ஏத்துவாங்க. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், இன்னும் சிலதுக்கு மாதுளை ஓடு. ஒரு தடவை முக்கின நீலம் அடுத்த தடவை அச்சாக வராது. பழைய நூல் தீர்ந்து புது நூல் தொடங்கின இடம்தான் அந்தக் கோடு. ஊடை வாக்கில் முடிச்சு வரிசை வரிசையாப் போறதால கோடும் குறுக்கே நேரா ஓடும். புதுத் தண்ணி வரும்போது ஆத்துப் பாலத்தில் நின்னு பாருங்க, கலங்கலும் தெளிவும் பக்கத்துப் பக்கத்தில் போகும். எனக்கு அப்ரஷ் அப்படித்தான் தெரியும். ஒரே சீரான நீலத்தைவிட அதுதான் அழகு.

கைநெசவா என்று பார்க்கக் குஞ்சத்தைக் கவனிங்க. பாவு நூலே, அதாவது நீளவாக்கில் ஓடுற நூலே, வெளியே நீண்டு குஞ்சமாகியிருக்கணும். மெஷின் கம்பளத்தில் பெரும்பாலும் தனியாத் தைச்சு ஒட்டியிருப்பாங்க.

திருவையாற்று வாத்தியார்:
நடுவட்டம் என்றதும் ஈரானில் நெய்த அர்தபீல் கம்பளம் நினைவுக்கு வந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பத்து மீட்டருக்கு மேல் நீளம். ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று ஆண்டும், மக்சூத் காஷானி என்ற பெயரும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. வட்டத்தின் இரு முனையிலும் தொங்கும் விளக்குகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதற்கே கண்ணை எடுக்க முடியவில்லை. முடிச்சுக் கம்பளம் அதற்கும் மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்துக் கல்லறையில் 1949-ல் ஒன்று கிடைத்தது. பனியில் உறைந்து ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் கெடாமல் இருந்திருக்கிறது. உங்கள் தாத்தா ஊர் திரும்பிய அதே வருஷம்!

கூத்தாநல்லூரான்:
ஒன்று விட்டுப்போச்சு. இனிமே மடிக்காதீங்க, மடிப்பில் பாவு அறுந்துபோகும். சுருட்டி, வெள்ளை வேட்டியில் சுத்தி வைங்க. பிளாஸ்டிக் வேண்டாம், நம்ம ஐப்பசி ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை பிடிச்சுடும். அந்துப்பூச்சி இருட்டில்தான் முட்டையிடும், அதனால மாசம் ஒருதடவை விரிச்சுத் தட்டுங்க.

கும்பகோணத்துப் பேத்தி:
அண்ணா, திருப்பிப் பார்த்துவிட்டேன். பின்பக்கமும் அதே இடத்தில் அதே வெளிர் நீலம்! குஞ்சமும் பாவிலிருந்தே வருகிறது. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு இழை அறுந்திருக்கிறது. அதைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பவர்கள் நம் பக்கத்தில் யாராவது உண்டா?