வாபிள் எக்ஸ்டென்ஷனுக்கு 'சாய்நுனித் தண்டு' பொருந்துமா?

> எக்ஸ்டென்ஷன், வாபிள் எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயிண்ட் மூன்றையும் 'நீட்டுத்தண்டு' என்றே சொல்லலாம். வேண்டுமானால் வாபிளை மட்டும் 'சாய்நுனித் தண்டு' என்போம்.

வணக்கம் ஐயா. ஸ்பார்க் பிளக் கழற்றி மாட்டும் இந்தக் கருவிகள் மூன்றுக்கும் ஒரே சொல் கூடாது. வி6 எஞ்சினை (இரு வரிசையில் ஆறு சிலிண்டர்) குறுக்கே வைத்த கார்களில் பின்வரிசைப் பிளக்குகளுக்கு மேலே கை நுழையவே இடமிருக்காது. அங்கே எதை மாட்டித் திருகுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிளக் பிழைக்கும்.

சாதா எக்ஸ்டென்ஷன் கைப்பிடிக்கும் சாக்கெட்டுக்கும் (பிளக்கின் மேல் மாட்டும் குழல்) இடையே நின்று நேராக மட்டும் திருகும். அதற்கு 'நீட்டுத்தண்டு' சரி. வாபிளில் சாக்கெட் மாட்டும் சதுரமுனையின் ஓரங்களை உருட்டிக் கடைந்திருப்பார்கள். சாக்கெட் சுமார் 15 பாகை சாயும். சாய்வது சாக்கெட், நுனியன்று. 'சாய்நுனி' என்றால் முனை வளைந்த தண்டு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். முனையில் சாக்கெட் ஆட இடம் விட்டிருப்பதால் 'ஆடுமுனைத் தண்டு' என் பரிந்துரை.

இரு துண்டுகளைச் சிலுவை வடிவ இணைப்பால் சேர்க்கும் யுனிவர்சல் ஜாயிண்டுக்கு 'சிலுவை மூட்டு'. லாரிப் பட்டறையில் 'யூஜே கிராஸ்' என்பதும் அந்தச் சிலுவையைத்தான். இது அதிகம் மடங்கும், ஆபத்தும் அதிகம். மடங்கிய நிலையில் அழுத்தித் திருகினால் விசை பக்கவாட்டில் சாய்ந்து பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது; மின்பொறி அதன் வழியே கசிய, எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். பிளக் இருக்கும் குழிக்குள் மூட்டு தொங்கிப்போகாமல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் நிமிர்ந்து நிற்கும், வேண்டிய அளவு வளையவும் செய்யும்.

---

> 'ஆடுமுனைத் தண்டு' என் பரிந்துரை.

'ஆட்டம்' என்றாலே பட்டறையில் தேய்மானம் என்று பொருள். அதனால் முதலில் தயங்கினேன். ஆனால் 'ஆடுமுனை' வேண்டுமென்றே விட்ட ஆட்டத்தைக் காட்டுகிறது. ஏற்கிறேன்.

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும்: புதுப் பிளக்கின் தலையில் பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகி, விரலால் உருட்டி மரையில் ஏற்றுகிறோமே, அது. 'பிடிகுழாய்' என்று எழுதியிருந்தார்கள். அதன் சிறப்பு பிடிப்பதில் இல்லை, நழுவுவதில்தான். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் பிளக்கின் மேல் வழுக்கிச் சுற்றும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை கெடாமல் தப்பும். ராட்செட்டை (பல்சக்கரக் கைப்பிடி) மாட்டி ஏற்றினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. ஆகவே 'நழுவுகுழாய்'.

விளக்கக் குறிப்பில் சேர்க்க: கழற்றுமுன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் மணல் சிலிண்டருக்குள் விழும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாக்கெட் 16 அல்லது 21 மி.மீ.; உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பது நல்லது. ரப்பர் பழசானால் பிளக்கைக் கவ்விக்கொண்டு சாக்கெட்டைக் குழியிலேயே விட்டுவிடும். அதனால் சாக்கெட்டும் தண்டும் சேருமிடத்திலும் டேப் சுற்ற வேண்டும். வாஷர் உள்ள, மரை 14 மி.மீ. விட்டமுள்ள புதுப் பிளக்கை விரலால் இறுக்கியபின் அரைச் சுற்று போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், அதுவும் நீட்டுத்தண்டில் நேராக வைத்து. சிலுவை மூட்டு மடங்கியிருந்தால் அளவு பொய் சொல்லும்.