பிடிஎஸ்ல (பல் மருத்துவம்) சேரலாமா, இன்னொரு வருஷம் நீட் எழுதலாமா?

தங்கச்சி ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, ஊர் விழுப்புரம் பக்கம், பிசி பிரிவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத கோட்டால கவுன்சிலிங் முதல் ரவுண்டுல பிடிஎஸ் தான் வந்திருக்கு, அதுவும் பிரைவேட் காலேஜ். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கவர்மென்ட்டே கட்டிடும், அதனால பணப் பிரச்சனை இல்ல, ஆனா அவளுக்கு எம்பிபிஎஸ் தான் வேணுமாம், ரெண்டு நாளா சரியா சாப்பிடல. கோச்சிங் சென்டர் சார் ரிப்பீட் பண்ணச் சொல்றாரு (அவருக்கு அட்மிஷன் தானே முக்கியம்), அம்மா கிடைச்சதை விடாதேங்குறாங்க. ப்ராஸ்பெக்டஸ் முழுக்க படிச்சும் தெளிவா புரியல, ஹெல்ப்லைன் எப்பவும் பிஸி. 15 சதவீத ஆல் இந்தியா கோட்டாவுக்கு அவ மார்க் பத்தாது, அங்க 7.5-ம் கிடையாது.

பிடிஎஸ்ல சேர்ந்துட்டு அடுத்த வருஷம் நீட் எழுதினா, மறுபடி 7.5 கோட்டால எம்பிபிஎஸ்க்கு விண்ணப்பிக்க விடுவாங்களா?