மான்டே அல்பானில் நான் போட்ட ஆட்டம்

மெக்சிகோவில் வாஹாகா நகரத்திலிருந்து பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம்தான். சப்போடெக் மக்கள் கி.மு. 500 வாக்கில் மலை உச்சியையே செதுக்கிச் சமப்படுத்தி ஊர் கட்டிய இடம். நடுத் திடல் மட்டுமே 300 மீட்டர் நீளம் இருக்கும். உயரம் 1,900 மீட்டருக்கு மேல். தெற்கு மேடைப் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

திடலின் மேற்குப் பக்கம் வரிசையாகச் சில கற்பலகைகள் நிற்கின்றன. 'ஆடுபவர்கள்' என்று பெயர். துணியில்லாத ஆண்கள், கைகால் கோணல்மாணலாக. பெயரைக் கேட்டதும் எனக்குக் குஷி. நானும் ஒரு காலை மடக்கி, கையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிதான் சொன்னாள்: "கண்ணைப் பாருங்க, மூடியிருக்கு."

வாயும் பிளந்து கிடந்தது. சில கற்களில் இடுப்புக்குக் கீழே ஒரு சுருள் வேலைப்பாடு. பூ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது ரத்தமாம், அறுத்திருக்கிறார்கள். பிடித்து வந்து கொன்ற எதிரிகள் என்றுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இப்படி 300க்கும் மேற்பட்ட கற்கள். போட்டோவை அழிக்க மனமில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை.

பதில்:
நீங்களாவது தனியாக ஆடினீர்கள். எங்கள் குழுவில் பதினோரு பேர்!

பதில்:
எனக்கு மறக்காதது திடலில் நிற்கும் 'ஜே' (J) என்று பெயரிட்ட கட்டிடம். மற்றதெல்லாம் வடக்கு தெற்காக ஒழுங்காக இருக்க, இது மட்டும் அம்பு முனை மாதிரி கோணலாகத் திரும்பி நிற்கிறது. சுவர்க் கற்களில் தலைகீழாகத் தொங்கும் தலைகள். ஜெயித்த ஊர்களின் கணக்கு என்பார்கள்.

அப்புறம், மலையிலிருந்து இறங்கியதும் நேரே ஹோட்டலுக்குப் போய்விடாதீர்கள். 1932இல் தொல்லியல் ஆய்வாளர் அல்ஃபோன்சோ காசோ மான்டே அல்பானின் ஏழாம் கல்லறையில் கண்டெடுத்த தங்கம் நகரத்தில் சாந்தோ தொமிங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறை சப்போடெக்குகளுடையது, தங்கமோ பின்னால் வந்த மிஷ்டெக் என்ற இன்னொரு மக்கள் வைத்தது. டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மண்டையோடு ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

மலைமேல் ஒருவர் துணியில் சுற்றிய மண்பொம்மையை மெதுவாகப் பிரித்து, "அசல்" என்றார். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன். அசல் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை, நானும்தான்.