ரிங் மாறியும் பிளாண்ட் நின்றது, வழி சொல்லுங்கள்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் பிளாண்ட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒன்பது நெட்வொர்க் சுவிட்ச், எம்.ஆர்.பி. ரிங் (ஒரு இடத்தில் அறுந்தால் மறுபக்க வழிக்கு மாறும் வளைய இணைப்பு), ஒன்று ரிங்கைக் கண்காணித்து மாற்றும் மேனேஜர், மற்றவை கிளையன்ட். போன வாரம் பம்ப் ஹவுஸில் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்த ஒரு கனெக்டர் விட்டுப்போனது. ரிங் ஒழுங்காகத்தான் மாறியது, மேனேஜர் லாகில் இருக்கிறது. ஆனால் ரிமோட் ஐஓ (சென்சார், பம்ப், வால்வுகளைக் கண்ட்ரோலரோடு இணைக்கும் யூனிட்கள்) மொத்தமும் விழுந்துவிட்டது. ராத்திரி 2 மணி, கேட்கவே வேண்டாம்.

அப்புறம்தான் உறைத்தது: எம்.ஆர்.பி. மாற 200 மில்லிசெகண்ட் வரை ஆகலாம். எங்கள் புரோஃபிநெட் (கண்ட்ரோலரும் ஐஓவும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்) அப்டேட் நேரம் 8 மில்லிசெகண்ட், வாட்ச்டாக் (இவ்வளவு நேரம் தகவல் வராவிட்டால் இணைப்பு போனதாக எடுத்துக்கொள்ளும் வரம்பு) மூன்று மடங்கு, அதாவது வெறும் 24. வாட்ச்டாக்கை 256 ஆக்கினால் சரியாகிவிடுமா? டோசிங் பம்ப் இன்டர்லாக்கும் (நிலைமை சரியில்லை என்றால் பம்ப்பை ஓடவிடாத பாதுகாப்பு) அதே ஐஓவில் இருப்பதால் கைவைக்கப் பயம். இப்படி மாற்றி ஓட்டியவர்கள் சொல்லுங்கள். எச்.எஸ்.ஆரில் (ஒரே தகவலை ரிங்கின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) இடைவெளியே வராது, தெரியும், பட்ஜெட்தான் இல்லை.