சமவாய்ப்பா, எழுமாற்றா, மறைவினாவா?

வணக்கம். திங்களன்று முதுகலை மாணவர்களுக்குக் கள ஆய்வு வகுப்பு. 1965இல் ஸ்டான்லி வார்னர் வகுத்த 'ராண்டமைஸ்ட் ரெஸ்பான்ஸ்' முறைக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். பையில் பத்து அட்டைகள். ஏழில் 'நான் லஞ்சம் கொடுத்திருக்கிறேன்', மூன்றில் 'கொடுத்ததில்லை'. பதில் சொல்பவர், கேட்பவர் பார்க்காதபடி ஒன்றை எடுத்து மனத்துக்குள் படித்து, 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையில் போட வேண்டும். யார் கொடுத்தார் என்று தெரியாது. நூறில் 42 பேர் 'சரி' என்றால், கொடுத்தவர் ஏறத்தாழ 30 பேர் என்று கணக்கிடலாம் (அந்த 30இல் 21, மற்ற 70இல் 21, ஆக 42). 'மறைவிடை முறை' பொருந்துமா?

*

பொருந்தாது அம்மா. நன்னூலின் எட்டு விடைகளில் மறைவிடை என்பது மறுத்துச் சொல்வது. பள்ளியில் படித்த பிள்ளைகள் குழம்புவார்கள். பாடநூலில் 'ராண்டம் வேரியபிள்' என்பதற்குச் 'சமவாய்ப்பு மாறி' இருக்கிறதே, 'சமவாய்ப்பு விடை' என்றே வையுங்கள்.

*

ஐயா, இங்கேதான் அந்தச் சொல் இடறுகிறது. அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள். கொடுத்தவரிலும் பாதி, கொடுக்காதவரிலும் பாதி 'சரி' என்பார்கள், கணக்கே வராது. வாய்ப்பு சமமானால் செத்துப்போகிற முறைக்குச் சமவாய்ப்பு என்று பெயரா? 'ராண்டம்' என்பதற்கு இலங்கையில் நாங்கள் படித்தது 'எழுமாற்று'. எழும் + ஆறு, வருமாறு என்பதுபோல. ஆற்றுப்படையில் வருகிற அதே ஆறு, வழி என்ற பொருளில்.

*

ஆறு வரை போனபின் குடவோலையை ஏன் விட வேண்டும்? உத்திரமேரூரில் பராந்தகன் காலத்தில் குடத்திலிருந்து ஓலை எடுத்தவன் விவரம் அறியாத சிறுவன். 'குடவோலை விடை' என்றால் அட்டை எடுக்கும் பாட்டிக்கும் புரியும்.

*

ஐயா, குடவோலை ஆளைத் தேர்ந்து ஊருக்கு அறிவித்தது. இது ஆளைக் காப்பது. சென்ற ஆண்டு ஒரு வீட்டில், கேள்வியை நான் முடிக்குமுன்பே அந்தப் பெண் திண்ணையைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்றார். திண்ணையில் மாமியார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது இந்தப் பைதான். இதில் மறைந்திருப்பது வினா. விடையை உரக்கவே சொல்லலாம். ஆகவே 'மறைவினா முறை' என்கிறேன்.

*

அதையும் எதிர்மறை வினா என்று படிப்பார்களே, அம்மா. மூன்று அட்டைகளில் இருப்பதும் எதிர்மறைதான்.

*

குழுவில் நால்வர் சமவாய்ப்பு என்கிறீர்கள், கையேடு இன்றிரவு அச்சுக்குப் போகிறது. தலைப்பில் 'சமவாய்ப்பு விடை', அடைப்புக்குறிக்குள் 'மறைவினா'. மனம் ஒப்பாமல்தான் போடுகிறேன்.

*

நான் எழுமாற்று என்றே எழுதுவேன், அக்கா. ஏழுக்கு மூன்று என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். 'சம' என்பதைப் பார்த்து யாரும் ஐந்துக்கு ஐந்து வைத்துவிடக் கூடாது.